ஊழியக்காரி

என் பாட்டியின் வேதபுத்தகத்துக்கு அட்டை கிடையாது. எப்போதோ பிய்ந்துபோன அட்டைக்குப் பதிலாக, காலண்டரின் பின்பக்கத் தடித்தாளை மடித்துவைத்து ஊசிநூலால் தைத்திருந்தாள். உள்ளே முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிய பிறந்தநாள்கள், இறந்தநாள்கள். சங்கீதத்துக்கு நடுவே குருத்தோலை ஞாயிறன்று மடித்த ஓலைச் சிலுவை ஒன்று காய்ந்து பழுப்பாகிக் கிடக்கும். அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்ற கேள்வியில் இருந்துதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பாட்டிக்கு மௌனமாக வாசிக்கத் தெரியாது. வரியின் கீழே ஆள்காட்டி விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, வீடு முழுவதும் கேட்கிற மாதிரிதான் வாசிப்பாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பெயர்ப் பட்டியல்கள் வந்தால் போதகர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று நீளும் அதிகாரங்களை ஞாயிறு ஆராதனையில் நான் கேட்டதே இல்லை. பாட்டி மட்டும் ஒரு பெயரையும் விடமாட்டாள். தடுக்கினால் திரும்பப் போய் மறுபடி கூட்டுவாள். "பேரு இருக்கப்பட்ட ஆளை எப்படி விட்டுட்டுப் போகது?" என்பாள்.

நான் தமிழ் இலக்கியம் படித்து, முனைவர் பட்டம் வாங்கி, வகுப்பில் உரையாசிரியர்களைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகுதான் அவள் வாசிப்பின் விலை எனக்குப் புரிந்தது. பாடபேதம், சொல்லாராய்ச்சி, இடைச்செருகல் என்றெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு பெண் ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்ளும் இடத்துக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தாள் என்பதை யாரும் எனக்குப் பாடமாக நடத்தவில்லை.

எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களை 'வேதக்காரர்' என்பார்கள். தேவாலயம் 'வேதக்கோயில்'. மதம் மாறுவது 'வேதத்தில் சேர்வது'. தமிழ் படித்தவளுக்கு இந்தச் சொல் சாதாரணமாகக் கடந்துபோக முடியாத சொல். வேதம் என்றால் கேட்கவே கூடாது என்று பெண்களையும் சூத்திரரையும் விலக்கிவைத்த ஒரு மரபு இருந்தது. அந்தச் சொல்லையே எடுத்து, பனையேறியின் மகள் கையில் கொடுத்த புத்தகத்துக்குப் பெயராக்கிவிட்டார்கள். தொடங்கியவர்கள் கத்தோலிக்கச் சேசுசபைத் துறவிகள். அவர்கள் நோக்கம் உயர்சாதியாரைக் கவர்வதாக இருந்தது. சொல் போய்ச் சேர்ந்த இடம் வேறு.

1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். 1714, 1715 ஆண்டுகளில் அது அச்சானது. பிறகு சூல்ட்சே, பப்ரிசியுஸ், பாளையங்கோட்டையில் ரேனியுஸ் என்று ஒருவர் செய்ததை அடுத்தவர் திருத்தினார்கள். 1871-இல் ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் மொழிபெயர்ப்பு வந்தது. பாட்டி வாசித்தது அதன் வழிவந்த பதிப்பு. இன்றைக்கும் தென்தமிழ்நாட்டுப் புராட்டஸ்டன்ட் வீடுகளில் காலை மாலை ஒலிப்பது அதுதான். பவருக்கு உதவிய முத்தையா பிள்ளை என்ற தமிழ்ப் புலவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. மொழிபெயர்த்தவர், திருத்தியவர், ஒப்புநோக்கியவர் என்று எனக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாமே ஆண்பெயர்கள். ஆனால் அந்தப் புத்தகத்தைத் தினமும் வாய்விட்டு வாசித்துப் பேச்சுக்குள் கொண்டுவந்தவர்களில் பெரும்பாதி பெண்கள். பாட்டி சாதாரணமாகப் பேசும்போது 'பொம்பளை' என்பாள். வேதபுத்தகத்தைத் திறந்துவிட்டால் அது 'இஸ்திரீ' ஆகிவிடும். சிறுவயதில் நான் இஸ்திரிப் பெட்டிக்கும் ஏவாளுக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதாக நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் பெரிய தவறில்லை.

திருநெல்வேலிப் பக்கத்துக் கதை ஒரு பெண்ணில் இருந்தே தொடங்குகிறது. தஞ்சையைச் சேர்ந்த மராத்திப் பிராமணக் கைம்பெண் கோகிலா. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு பாளையங்கோட்டையில் வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, மணம் செய்யாமல் ஒருவரோடு வாழ்கிறார் என்று சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்தபின் 1778-இல் கொடுத்தார். க்ளோரிந்தா என்று பெயரானது. 1780-இல் எழுதப்பட்ட திருநெல்வேலிச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள். முதல் பெயர் அவருடையது. அவர் முயற்சியில் எழுந்த ஆலயத்தை 1785-இல் சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொல்லி வந்தார்கள். அவர் வெட்டியதாகச் சொல்லப்படும் ஒரு கிணறும் உண்டு.

யோவான் எழுதிய சுவிசேஷத்தில் கிணற்றடியில் இயேசுவோடு வாதாடும் சமாரியப் பெண்ணைப் பற்றிய பிரசங்கத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன். ஐந்து கணவர், இப்போது இருப்பவன் கணவன் அல்ல என்ற இடத்திலேயே பிரசங்கம் நின்றுவிடும். வழிபாடு மலையிலா எருசலேமிலா என்று அவள் கேட்ட இறையியல் கேள்விக்கு யாரும் வந்து சேரமாட்டார்கள். அவளோடு நின்று நெடுநேரம் பேசியவர் அவள் வாழ்க்கையை முதலில் சரிசெய்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை. சுவார்ட்ஸ் ஐயரிடம் அந்த அத்தியாயம் இல்லாமலா போயிற்று? இருந்தாலும் முதல் பெயரை அழிக்க முடியவில்லை.

தெற்கே, அன்றைய திருவிதாங்கூரில், ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தார். அடுத்து வந்த மீட், மால்ட் காலத்தில் நாகர்கோவில் மையமானது. 1820-ஐ ஒட்டி மார்த்தா மால்ட் போன்ற மிஷனரி மனைவியர் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார்கள். பின்னிச் சேர்த்த கூலியைக் கொண்டு தங்களை விலைகொடுத்து மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்களைப் பற்றி மிஷனரிக் குறிப்புகள் பேசுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அந்தக் குறிப்புகளில் மிஷனரியின் பெருமிதம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஊசியும் எழுத்தும் ஒரே கையில் வந்து சேர்ந்த அந்த இடம் எனக்குப் பெரிது.

தோள்சீலைப் போராட்டம் பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் நாம் அதைப் பெரும்பாலும் ஆண்களின் கதையாகச் சொல்கிறோம்: மன்ரோ, மீட், திவான், மகாராஜா. அடிபட்டது சந்தையில் நின்ற பெண்களின் உடம்பு. 1814-இல் ரெசிடென்ட் மன்ரோ கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்றார். 1822-இல் இருந்தே தாக்குதல்கள். 1829-இல் அரசு குப்பாயத்தை அனுமதித்து, மேல்முண்டைத் தடுத்தது. 1858, 1859-இல் மறுபடி கலவரம். 1859 ஜூலை 26-ஆம் தேதி அறிவிப்பு, நாடார் பெண்கள் எல்லாரும் மதவேறுபாடின்றி மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அல்ல என்றது. மறைக்கலாம், சமமாகக் கூடாது என்பதுதான் அதன் பொருள். இந்த நிபந்தனையை எங்கள் ஊர் விழா மேடைகளில் யாரும் வாசிப்பதில்லை. வெற்றி என்று மட்டும் சொல்லிவிடுகிறோம். குப்பாயத்தின் அளவை வெட்டிக் கொடுத்ததும் மிஷனரி வீட்டின் ஒழுக்க நியதிதான் என்பதையும் சொல்வதில்லை. இருந்தாலும் சந்தைக்குப் போய்த் துணி கிழிபட்டு வந்தவள், அடுத்த சந்தைக்கும் அதே துணியோடு போனாளே, அது அவள் எடுத்த முடிவு. எந்த ஐயரும் அவளுக்காக நடந்து போகவில்லை.

என்னை நெடுநாள் பிடித்துவைத்திருக்கும் சொல் ஒன்று உண்டு. ஊழியம்.

இன்றைக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் மேடை, ஒலிபெருக்கி, ஜெபக்கூட்டம், வெள்ளைச் சட்டை எல்லாம் நினைவுக்கு வரும். 'ஊழியத்தில் இருக்கிறார்' என்றால் மதிப்பு. பழைய திருவிதாங்கூரில் அதே சொல்லுக்குக் கூலியில்லாத கட்டாய வேலை என்று பொருள். அரண்மனைக்கும் கோயிலுக்கும் அதிகாரிக்கும் சுமை தூக்குவது, ஓலை வெட்டிக் கொடுப்பது, யானைக்குத் தீனி கொண்டுசேர்ப்பது எல்லாம் ஊழியம். கூப்பிட்டால் போகவேண்டும். போகாவிட்டால் அடி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிறிஸ்தவர்களை இதில் இருந்து விலக்கவேண்டும் என்று மிஷனரிகள் கேட்டு வாங்கினார்கள். அந்த ஒருநாள் விலக்கே பலரைச் சபைக்குள் கொண்டுவந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வாரத்தில் ஒருநாள் முதுகை நிமிர்த்த முடிவதும் இரட்சிப்பின் ஒரு பங்குதான். இலங்கையில் டச்சுக்காரர் ஆட்சியிலும் இதே பெயரில் கட்டாய வேலை இருந்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் ஊழியத்தில் இருந்து தப்பி வந்து உட்கார்ந்தவளுக்குப் புத்தகத்தில் வாசித்துக் காட்டப்பட்ட சொல்லும் ஊழியம்தான். தேவனுக்கு ஊழியம். கிழக்குக் கரையில் இருந்து மொழிபெயர்த்தவர்களுக்கு, நாஞ்சில் நாட்டில் அந்தச் சொல் எவ்வளவு கனம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. கேட்டவளுக்குத் தெரியும். ஒருவேளை அவளுக்குள் சொல் திரும்பி நின்றிருக்கலாம்: ராஜாவுக்கு இல்லை, இவருக்கு மட்டும் என்று. ஒருவேளை, அங்கேயும் இதுதானா என்று அலுத்திருக்கலாம். இரண்டில் எது என்று என்னால் சொல்ல முடியாது. அவள் எழுதிவைக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் 'பைபிள் உமன்' என்ற வேலை வந்தது. லண்டனில் எல்லன் ரானியார்ட் 1857-இல் தொடங்கிய முறை. ஏழைப் பெண்ணையே ஏழைப் பெண்களிடம் புத்தகத்தோடு அனுப்புவது. இந்தியாவுக்கு வந்தபோது அதற்குச் சாதியும் சேர்ந்துகொண்டது. எங்கள் பக்கம் பைபிளம்மா என்பார்கள். பெரும்பாலும் கைம்பெண்கள், கைவிடப்பட்டவர்கள். சிறு சம்பளம். கையில் பை, குடை. வீடுவீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுப்பார்கள். தெருவில் தனியாக நடந்து, பிற சாதிப் பெண்களோடு பேசி, சம்பளம் வாங்கிய ஒரு பெண்வகை அன்றைய கிராமத்தில் வேறு எத்தனை உண்டு? பாட்டிக்கு அவள் பாட்டியிடம் இருந்து வந்த ஒரு நினைவு இருந்தது. முற்றத்தில் நின்றபடியே வாசித்துவிட்டு வருவார்களாம், திண்ணையில் ஏறவிடமாட்டார்களாம். "படி ஏறல்லேன்னா என்ன மக்களே, சத்தம் ஏறும்லா?" என்பாள்.

சபையின் வரலாற்று மலர்களில் போதகர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். பைபிளம்மாக்களின் படம் இருந்தால் கூட்டமாக இருக்கும், பெயர் இருக்காது.

பெயர்களைப் பற்றிப் பேசும்போது ரோமருக்கு எழுதின நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்துக்கு வரவேண்டும். அது பவுல் வணக்கம் சொல்லும் பட்டியல். பிரசங்கிகள் தாண்டிப்போகிற இடம். பாட்டி தாண்டாத இடம். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் வேதாகமப் பெண்களின் பெயர்களோடு 'ஆள்' விகுதியைச் சேர்த்துத் தமிழ்ப் பெண்களாக்கினார்கள். சாராள், ரெபெக்காள், மரியாள், மார்த்தாள். இந்த அதிகாரத்திலும் பெபேயாள், பிரிஸ்கில்லாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள், யூலியாள். மாவட்டத்துக்கு ஒரு வீட்டிலாவது இருக்கக்கூடிய பெயர்கள் மாதிரி ஆகிவிடுகின்றன. பெபேயாள் கெங்கிரேயா ஊர்ச் சபையின் 'ஊழியக்காரி'. அங்கே மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'தியாகொனொஸ்'. அதே சொல் பிலிப்பியர் நிருபத்தின் தொடக்கத்தில் வரும்போது 'உதவிக்காரர்' என்று ஒரு பதவியாகிறது. பெபேயாளுக்குப் பதவி கிடைக்கவில்லை. வேலைக்காரி என்ற தொனியோடு ஊழியக்காரி என்ற சொல் கிடைத்தது. 1995-இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டினரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் அவர் 'திருத்தொண்டர்' ஆகிறார். நூற்றிருபது வருடங்களுக்கும் மேல் ஆயிற்று.

ஆனால் என் கண் நின்றது ஏழாம் வசனத்தில். அன்றோனீக்கு என்ற ஆணும், கூடவே இன்னொருவரும். இருவரும் பவுலோடு சிறையில் இருந்தவர்கள், அப்போஸ்தலர் நடுவே பெயர் பெற்றவர்கள். இரண்டாம் பெயர் பாட்டியின் புத்தகத்தில் 'யூனியா'. விகுதி இல்லை. சில வரிகள் தள்ளி வரும் யூலியாவுக்கு 'ஆள்' உண்டு. யூனியாவுக்கு மட்டும் இல்லை. கிரேக்க மூலத்தில் அந்தப் பெயர் நிற்கும் வேற்றுமை வடிவத்தை, அசையழுத்தத்தை மாற்றினால் ஆண்பெயராகவும் படிக்கலாம். லூத்தர் ஆணாகவே படித்தார். அவருக்கு ஆயிரம் வருடங்களுக்கு முன்பே, நான்காம் நூற்றாண்டின் யோவான் கிறிசோஸ்தோம் அவரைப் பெண் என்று வெளிப்படையாகப் பாராட்டியிருக்கிறார். பெண்ணைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதில் தாராளமானவர் அல்ல அவர். ஆணாக இருந்தால் தமிழில் அன்றோனீக்கு மாதிரி ஒரு முடிவு கொடுத்திருக்கலாம். பெண்ணாக இருந்தால் யூனியாள். இரண்டும் இல்லாமல் விட்டிருக்கிறார்கள். திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பெண் அப்போஸ்தலர் என்று எண்ணிப் பார்க்க முடியாத இடத்தில் எழுதுகோல் தயங்கியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. தென்னிந்தியத் திருச்சபையில் முதல் பெண் பேராயராகப் புஷ்பலலிதா அபிஷேகம் பெற்றது 2013-இல். விகுதி வந்துசேர அவ்வளவு காலம் பிடிக்கிறது.

இன்னொரு சொல்லையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆதாமுக்கு ஏவாள் 'ஏற்ற துணை'. கல்யாண வீடுகளில் இதைப் பிரசங்கித்து முடித்ததும் சமையலறையின் பக்கம் கை காட்டிவிடுவார்கள். எபிரெய மூலத்தில் அது 'ஏசெர்'. பழைய ஏற்பாட்டில் அந்தச் சொல் பெரும்பாலும் கடவுளுக்கு வருகிறது, போரில் வந்து காப்பவர் என்ற பொருளில். சாமுவேல் நாட்டிய கல்லுக்கு எபெனேசர் என்று பெயர், உதவியின் கல். எங்கள் ஊரில் எபனேசர் என்று பெயர் வைத்துக்கொண்ட ஆண்கள் எத்தனையோ பேர். ஏவாளுக்குச் சொன்ன சொல்லைத்தான் பெயராகச் சுமக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் என் மாமா ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டுச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார்.

இப்படியெல்லாம் படித்துக்கொண்டு வரும்போது ஒரு சௌகரியம் வந்துவிடுகிறது. நாம் எப்போதும் ஒடுக்கப்பட்டவரின் பக்கம் நிற்பதாக ஓர் எண்ணம். ஆகாரின் கதையை நான் அப்படித்தான் வாசித்து வந்தேன். எகிப்திய அடிமைப்பெண். எஜமானிக்குப் பிள்ளை இல்லை என்று எஜமானனிடம் கொடுக்கப்படுகிறாள். கர்ப்பமானதும் எஜமானியின் கொடுமை தாங்காமல் ஓடுகிறாள். வனாந்தரத்தில் தண்ணீர் அருகே தூதன் பேசுகிறான். அங்கே அவள் கடவுளுக்கு ஒரு பெயர் வைக்கிறாள், தன்னைப் பார்க்கிறவர் என்று. வேதாகமத்தில் கடவுளுக்குப் பெயர் வைத்த முதல் ஆள் ஓர் அடிமைப்பெண். கவிதை எழுதுகிறவளுக்கு இது போதாதா? திருவிதாங்கூர் ராஜாவின் முன் நாங்கள் ஆகார்தான் என்று ஒரு கருத்தரங்கில் பேசவும் செய்தேன்.

வீட்டுக்கு வந்த இரவு வேறொன்று நினைவுக்கு வந்தது. பாட்டி வீட்டு விளையில் ஓலை முடைய ஒரு சாம்பவர் சமூகத்துப் பெண் வருவார். அவரும் வேதக்காரர்தான். அவருக்குச் சாயா கொடுக்கப் புறவாசலில் தனியாக ஒரு சிரட்டை, பிறகு தனியாக ஒரு தம்ளர் இருந்தது. வேதபுத்தகத்தில் ஒரு பெயரையும் தாண்டாத பாட்டி, அவரை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. சாதிப் பெயரால்தான் கூப்பிடுவாள். அவரைவிட இருபது வயது இளையவளான நானும் ஒருமையில்தான் பேசினேன். ஆகாரை வாசித்த வீட்டில் நாங்கள் சாராளாக இருந்தோம். எங்கள் பக்கம் சாராள் என்ற பெயர் உண்டு. ஆகார் என்று ஒரு பெண்ணுக்கும் பெயர் வைத்து நான் கேட்டதில்லை.

இனி 1994-ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அதற்கு முந்தைய வருடம் பாட்டா இறந்துபோனார். உயில் எழுதவில்லை. எங்களுக்கு இருந்தது ஒரு தென்னை விளையும் வீடும். மாமாக்கள் இரண்டு பேர், அம்மா, சித்தி.

இதற்கு ஒரு சட்டப் பின்னணி உண்டு. திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டம் 1916-இல் வந்தது. உயில் இல்லாமல் தந்தை இறந்தால் மகனுக்குக் கிடைக்கும் பங்கில் கால்பகுதி, அல்லது 5000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. சீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் இல்லை. சமமாகப் பிரிக்கும் வழக்கம் கொண்ட சில பிரிவினருக்கு விலக்கு இருந்தது. 1956 நவம்பரில் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சட்டம் எங்களோடு சேர்ந்து வந்ததா இல்லையா என்பதே வழக்கானது. 1970களில் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி வரவில்லை என்றார். பிறகு இரு நீதிபதிகள் அமர்வு வந்தது என்றது. கடைசியில் கோட்டயத்து ஆசிரியை மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பழைய சட்டம் 1951-இலேயே முடிந்துவிட்டது. இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமம். தன் சகோதரனுக்கு எதிராக நீதிமன்றம் போன பெண் என்று அவரைத் திட்டியவர்களில் தினமும் ஜெபிக்கிறவர்கள் நிறையப் பேர்.

தீர்ப்பு வந்ததும் பெண்களுக்குச் சொத்து வந்துவிடவில்லை. விடுதலைப் பத்திரம் வந்தது. எனக்கு இதில் பாத்தியதை ஒன்றும் இல்லை என்று சகோதரி எழுதிக்கொடுக்கும் தாள். விடுதலை என்ற சொல்லை இந்த வேலைக்கு வைத்தவர் யாரோ, அவருக்கு மொழி தெரிந்திருக்கிறது.

பதிவாளர் அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் ஜெபம் வைத்தார்கள். போதகர் வந்தார். சகோதரர் ஒருமித்து வாழ்வதைப் பாடும் சங்கீதத்தை வாசித்தார். சகோதரிகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அம்மா கையெழுத்துப் போட்டாள், சித்தி போட்டாள். கைம்பெண் என்ற முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு உரிமை உள்ள பாட்டியும் போட்டாள். கைநாட்டு வைக்க மை எடுத்துவந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லி, வேதம் வாசிப்பது போலவே எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். மூன்று தலைமுறை போராடிப் பெற்ற எழுத்து. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நான் சொன்னேன்.

அன்றிரவு குடும்ப ஜெபத்தில் வேதபாடம் வாசிக்க வேண்டியது என் முறை. பாட்டி புத்தகத்தை விரித்து என் மடியில் வைத்தாள். எண்ணாகமம் இருபத்தேழு. "சத்தமாட்டு வாசி, மக்களே" என்றாள். செலொப்பியாத் என்று ஒருவன், ஆண்பிள்ளை இல்லாமல் இறந்துபோகிறான். அவன் மகள்கள் ஐந்து பேரும் மோசேயின் முன்னால், ஆசாரியன் முன்னால், சபை முழுவதற்கும் முன்னால் வந்து நிற்கிறார்கள். எங்கள் தகப்பனின் நிலத்தை எங்களுக்குக் கொடு என்கிறார்கள். மோசே கடவுளிடம் கேட்கிறான். அவர்கள் கேட்பது நியாயம் என்று பதில் வருகிறது. மாமாக்கள் இருவரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கதவோரம். நான் ஐந்து பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தாண்டப் பார்த்தேன். பாட்டி விரலை வைத்து நிறுத்தினாள். "ஒவ்வொண்ணா." மக்லாள். நோவாள். ஒக்லாள். மில்காள். திர்சாள். வேறு ஒன்றும் பேசவில்லை. ஜெபம் முடிந்தது, எல்லாரும் சாப்பிட்டோம். விளை இன்றைக்கும் மாமா வீட்டில்தான் இருக்கிறது. அவர்கள் கொடுத்தனுப்பும் தேங்காயில்தான் எங்கள் குழம்பு.

அந்தக் கதை அங்கே முடியவில்லை என்று பிறகு நானே தேடிப் படித்தேன். அதே புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் குலத்து ஆண்கள் மோசேயிடம் வருகிறார்கள். இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் கல்யாணம் செய்தால் நிலம் போய்விடுமே என்கிறார்கள். சரி, சொந்தக் கோத்திரத்துக்குள்தான் கட்டவேண்டும் என்று விதி வருகிறது. 1859 அறிவிப்பு நினைவுக்கு வருகிறது: தருகிறோம், ஆனால். யோசுவாவின் புத்தகத்தில் அதே பெண்கள் மறுபடி வந்து, சொன்னபடி நிலத்தைக் கொடு என்று கேட்கிறார்கள். சட்டம் வந்தபின்னும் நேரில் வந்து கேட்க வேண்டியிருந்திருக்கிறது. தந்தை இறந்தபோது சகோதரன் இல்லாததால்தான் அவர்கள் கேட்க முடிந்தது என்பதும் உண்மை. சகோதரர்கள் உயிரோடிருக்க மகள்களுக்கும் பங்கு கொடுத்தவன் என்று புத்தகம் சொல்வது யோபுவைத்தான், அதுவும் எல்லாவற்றையும் இழந்து திரும்பப் பெற்ற பிறகு.

எனக்கு விசுவாசம் இருக்கிறதா என்று மாணவிகள் சிலர் கேட்பதுண்டு. இந்தத் தொகுப்பின் மற்ற கட்டுரையாளர்களும் கேட்கக்கூடும். பெண் சபையில் பேசாமல் இருக்கவேண்டும் என்று வாசிக்கப்படும் ஞாயிறுகளில் எழுந்து வெளியே போயிருக்கிறேன். நியாயாதிபதிகள் புத்தகத்தின் பத்தொன்பதாம் அதிகாரத்தில், இரவு முழுவதும் சிதைக்கப்பட்டு விடியலில் வாசற்படியில் கைவைத்து விழுந்து கிடக்கும் அந்தப் பெயரில்லாத மறுமனையாட்டியை வாசித்த வாரம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. அவளைப் பற்றி யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. ஆனால் வாசிப்பதை விடவில்லை. பாட்டி இறந்தபின் அவள் புத்தகத்தை யார் எடுத்துக்கொள்வது என்று கேட்டபோது மாமாக்களுக்கு அது தேவைப்படவில்லை. அதற்கு விடுதலைப் பத்திரம் எழுதவேண்டி வரவில்லை.

போன வருடம் பெண்கள் ஞாயிறன்று எங்கள் சபையில் நிருப வாசகத்தை நான் வாசிக்கவேண்டும் என்றார்கள். எதை வாசிப்பது என்பதை என்னிடமே விட்டுவிட்டார்கள். ரோமர் பதினாறு என்று எழுதிக்கொடுத்தேன். பாட்டியின் புத்தகத்தைக் கொண்டுபோய் விரித்து, விரலை வைத்து, ஒவ்வொரு பெயராக வாசித்தேன். ஏழாம் வசனத்தில், அச்சில் இல்லாத அந்த 'ஆள்' விகுதியைச் சேர்த்து, யூனியாள் என்று வாசித்தேன். ஆயர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்வரிசையில் குழந்தை ஒன்று அழுதது.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது அம்மா கேட்டாள்: "அது யாருட்டி யூனியாளு? உனக்க பாட்டி வாசிக்கும்போ அப்படி ஒருத்தி கிடையாதே?"